ரத்தம் டானிக் அல்ல!

"ஆபரேஷன்னா ரத்தம் ஏத்தாம இருப்பாங்களா?" - போன வருஷம் என் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. நானும்தான் கேட்டேன். கிடைத்த பதில் நம் சகோதரிகளுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது 56. மாதவிலக்கு நின்று ஐந்து வருஷமாயிற்று. சில மாதங்களாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முகமும் வெளுத்துக்கொண்டே வந்தது. "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டு வந்தாள். நான்தான் வற்புறுத்தி ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அக்காவுக்கு இருந்தது 8.4. "மாதவிலக்கு நின்னவங்களுக்கு ரத்தம் எங்கே போகுதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்" என்றார் டாக்டர். தேடிப் பார்த்ததில், பெருங்குடலின் வலது பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி! அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

இடிந்து போனோம். அத்தானோ, "ரெண்டு பாட்டில் ரத்தத்தை ஏத்திட்டு உடனே ஆபரேஷன் பண்ணிடுங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் மகனும் அவன் நண்பர்கள் இருவரும் ரத்தம் கொடுக்கத் தயாராக நின்றார்கள்.

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "ஆபரேஷனுக்கு மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏத்தி, அவங்க உடம்பையே ரத்தம் ஊற வைப்போம். அவசியமில்லாம அடுத்தவங்க ரத்தம் வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. ரத்தம் ஏற்றினால் நல்லதுதானே? காரணத்தைக் கேட்டேன்.

1973-ல், சிறுநீரகம் மாற்றி வைக்கப்பட்ட நோயாளிகளிடம் டாக்டர்கள் ஓர் அதிசயத்தைப் பார்த்தார்களாம். முன்பே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு, புதுச் சிறுநீரகம் அதிக நாள் நிலைத்தது. பிறர் ரத்தம் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது என்று எண்ணினார்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் வாசல் காவல்காரர் கவனம் சிதறுகிற மாதிரி! சிறுநீரகத்துக்கு அது நல்லது. புற்றுநோய்க்கு? சிதறிய புற்றணுக்களை அழிக்க வேண்டியதே அந்தக் காவல்காரர்தானே? 1981-ல் இந்தச் சந்தேகம் எழுந்தது. பிறகு நடந்த பல ஆய்வுகளில், ஆபரேஷன் சமயத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு நோய் திரும்புவதும், தொற்று வருவதும் அதிகமாகத் தெரிந்தன.

"அப்போ ரத்தம்தான் காரணமா?" என்றேன்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. ரத்தம் யாருக்குத் தேவைப்படும்? பெரிய கட்டி, நீண்ட ஆபரேஷன், ஏற்கனவே சோகை உள்ளவங்களுக்குத்தானே? அவங்க நிலைமையே மோசம்" என்றார். நெதர்லாந்தில் குடல் புற்றுநோயாளிகள் 475 பேரை வைத்து நடந்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு முன்பே எடுத்து வைத்த அவர்கள் ரத்தமே. மறு பிரிவினருக்குப் பிறர் ரத்தம். முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எந்த ரத்தமும் தேவைப்படாதவர்கள்தான் இரு பிரிவிலும் நன்றாக இருந்தார்கள். ஆகவே, தேவை வராமல் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மூன்று வாரத்தில் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 10.2 ஆயிற்று. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பார்த்தால் 8.1! அத்தான் வராந்தாவிலேயே சத்தம் போட்டார். "நாடித்துடிப்பும் பிரஷரும் சரியா இருக்கு, ரத்தக் கசிவும் இல்லை. இப்படி இருக்கிறவங்களுக்கு 7-க்குக் கீழே போனாத்தான் யோசிப்போம். இதய நோய் இருந்தா 8-லேயே யோசிப்போம்" என்றார் டாக்டரம்மா. அன்றிரவு நான் கண் மூடவில்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தாள்!

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஆபரேஷனில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. நாலு யூனிட் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்த ரத்தம் இல்லாவிட்டால் உயிரே இல்லை. ஆகவே டாக்டர் ரத்தம் வேண்டும் என்றால், "பத்திரிகையில் படித்தேன், வேண்டாம்" என்று தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள்! அக்கா தேறியது ரத்தம் ஏற்றாததால்தான் என்றும் நான் சொல்லவில்லை. நோய் பரவுமுன் கண்டுபிடித்ததே பெரிய பாக்கியம்.

எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். களைப்பு, மூச்சு வாங்கல், வெளுப்பு இருந்தால் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு சோகை வந்தால், கீரையோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ஆபரேஷன் என்று நாள் குறித்தால், "என் ஹீமோகுளோபின் எவ்வளவு? முன்னாடியே ஏத்த வழி உண்டா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ரத்தம் கொடுக்க வந்த மூன்று பிள்ளைகளும் என்ன செய்தார்கள் தெரியுமா? "பெரியம்மாவுக்கு வேண்டாம்னா என்ன, வேற யாருக்காவது உதவுமே" என்று ரத்த வங்கியில் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள்.