முகப்பில் நிற்கும் மூன்று பைட்டுகள்

2010 ஜூன் 23 அன்று கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கியபோது, ஊர்வலக் கோலாகலத்துக்கிடையே பலர் கவனியாத காரியம் ஒன்றும் நிறைவேறிற்று. கணினித் தமிழுக்கு யூனிகோடே பொது நியமம் என்றும், அது கைகொடாத இடங்களில் டேஸ்-16 என்னும் குறிமுறையைக் கையாளலாம் என்றும் தமிழக அரசு அன்றைய தேதியிட்டு ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்னெல்லாம், டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளின் கும்பலே எஞ்சும்.

ஆயினும் யூனிகோடு வந்ததனால் மட்டும் அலங்கோலம் ஒழிந்துவிடவில்லை. யூனிகோடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைக் கோப்பில் எவ்விதம் எழுதிவைப்பது என்பது வேறு விஷயம். ‘க’வின் எண் 2965. ஒரு பைட்டில் 255-க்கு மேல் கொள்ளாதாகையால், யுடிஎஃப்-16 முறை அதை 11, 149 என இரு பைட்டுகளாகப் பிரிக்கிறது. இன்டெல் வகைக் கணினிகளோ 149-ஐ முன்னும் 11-ஐப் பின்னும் வைப்பது வழக்கம். வரிசை அறியாமல் வாசித்தால் எண் 38155 ஆகி, நம் ‘க’ சீன எழுத்தாக உருமாறிவிடும். இந்த விபரீதத்தைத் தடுக்கவே கோப்பின் தலைப்பில் 254, 255 என்னும் பைட் வரிசைக்குறி இடப்படுகிறது. அது 255, 254 என்று தென்பட்டால், அந்த எண்ணுக்குரிய எழுத்தே கிடையாதாகையால், வரிசை மாறியிருப்பதைக் கணினி சந்தேகமின்றி அறிந்துகொள்கிறது.

இன்று எங்கும் பிரசித்தமான யுடிஎஃப்-8 முறையில் ‘க’ என்பது 224, 174, 149 என மூன்று பைட்டுகள். வரிசை நிலையானது; ஆகவே குறி அவசியமில்லை. எனினும், “இது யுடிஎஃப்-8” என்று அறிவிக்கும் முத்திரையாக 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை முகப்பில் வைக்கும் சம்பிரதாயம் விண்டோஸ் உலகில் வேரூன்றிவிட்டது. ‘கோவை’ என்று மட்டும் எழுதிய கோப்பு முத்திரையின்றிப் பன்னிரண்டு பைட்டு, முத்திரையோடு பதினைந்து.

இதனால் அனுகூலமும் உண்டு, பிரதிகூலமும் உண்டு. திருப்பூர்ப் பனியன் கம்பெனிக் கணக்கர் ஒருவர், தமிழ்ப் பெயர்ப்பட்டியலை முத்திரையில்லாத சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் நேரே திறப்பாராயின், அது பழைய மேலைநாட்டு அட்டவணையைக் கொண்டு வாசித்து, ஒவ்வொரு ‘க’வையும் தலைக்கோடிட்ட ரோமன் எழுத்தாகவும், வட்டத்துக்குள் அடைபட்ட வணிகக்குறியாகவும், கரும்புள்ளியாகவும் சிதறடிக்கக்கூடும்; முத்திரை இருந்தால் தமிழ் தமிழாகவே தோன்றும். அதே கோப்பை நிரலொன்று வாசிக்கும்போதோ, கண்ணுக்குத் தெரியாத அம்முத்திரை முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ள, ‘பெயர்’ என்ற பத்தியே இல்லையென்று நிரல் சாதிக்கும். லினக்ஸ் கட்டளைக் கோப்பின் முகப்பில் அது நுழைந்தால், முதல் வரியே அடையாளம் தெரியாமற்போகும்.

ஆகவே எக்செலுக்குப் போவதை முத்திரையோடும், நிரலுக்கும் இணையத்துக்கும் போவதை முத்திரையின்றியும் சேமிப்பது உசிதம். நோட்பேடின் சேமிப்புப் பெட்டியிலேயே இரண்டுக்கும் தனித்தனித் தெரிவு உண்டு. திறந்த கோப்பு அலங்கோலமாய்த் தெரிந்தால், பதறி மறுபடி சேமித்துவிடலாகாது. பைட்டுகள் அனேகமாகப் பழுதின்றியே இருக்கும். சேமிக்காமல் மூடி, யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்தாலே பெரும்பாலும் போதும்.