சளி சரியாயிடுச்சு... ஸ்கூபா டைவிங் போகலாமா?

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கம்தான். அங்கே ஸ்கூபா டைவிங் போக நண்பர்களோடு முன்பதிவும் செய்தாகிவிட்டது. இடையில் ஒரு வாரம் காய்ச்சல், சளி, இருமல். இப்போது காய்ச்சல் இல்லை. அவ்வப்போது லேசாக இருமல் வருகிறது, அவ்வளவுதான். 'பணம் கட்டியாச்சு, போய்த்தான் பார்ப்போமே' என்று தோன்றும்.

அந்த 'லேசான இருமல்' கரையில் சின்ன விஷயம். கடலுக்கு அடியில் அப்படியில்லை.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961 முதல் இயங்குகிறது. அதுபோன்ற துறையில் படித்து, ஆய்வுக்காகக் கடலில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நிற்பவர் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்றை சுவாசிக்கிறார். அங்கே நுரையீரலில் 6 லிட்டர் காற்று இருந்தால், மேலே வரும்போது அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். ஆரோக்கியமானவர் இயல்பாக மூச்சு விட்டபடியே ஏறுவதால் கூடுதல் காற்று வெளியேறிவிடும். 'மூச்சை அடக்காதே' என்பது டைவிங்கின் முதல் பாடமானது இதனால்தான்.

சளி அடைத்திருந்தால்?

மூச்சுக்குழாயின் சிறு கிளை ஒன்றில் சளி அடைத்திருந்தால், அதற்கு அப்பால் உள்ள காற்று வெளியேற வழியில்லை. மேலே ஏற ஏற அது விரிந்து, நுரையீரல் திசுவையே கிழிக்கலாம். காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் போன்ற நிலை ஏற்படும். இதற்கு ரொம்ப ஆழமெல்லாம் வேண்டாம். கடைசி சில மீட்டரில்தான் காற்று வேகமாக விரிகிறது. நீச்சல்குளப் பயிற்சியிலும் கவனம் தேவை என்பது அதனால்தான்.

சிலிண்டர் காற்று வறண்டது, குளிர்ந்தது. ஆழத்தில் அடர்த்தியும் கூடும். நோயில் புண்பட்ட மூச்சுக்குழாய் அதில் சட்டென்று இறுகிக்கொள்ளலாம். காதும் சிக்கல்தான். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் வீங்கியிருந்தால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது. வலி, ரத்தக்கசிவு, செவிப்பறை கிழிதல் வரை போகலாம்.

'மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கிட்டு இறங்கிடலாமே' என்பவர்கள் உண்டு. ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்துவிட்டால், ஏறும் வழியில் காது அடைத்துக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் திரும்பி மேலே வரலாம். ஏறும்போது அடைத்தால் கீழேயே இருந்துவிட முடியாதே!

எப்போது இறங்கலாம்?

எல்லோருக்கும் ஒரே நாள் கணக்கு கிடையாது.

சாதாரண ஜலதோஷம்: மருந்தில்லாமலே மூக்கு திறந்திருக்க வேண்டும். இருமலும் சளியும் முழுதாக நின்றிருக்க வேண்டும். மூக்கைப் பிடித்து ஊதினால் இரண்டு காதும் சுலபமாகத் திறக்க வேண்டும்.

ஃப்ளூ, மூச்சுக்குழாய் அழற்சி: மேலே சொன்னதோடு, நோய்க்கு முன் செய்த நடை, ஓட்டம், மாடிப்படி எல்லாவற்றையும் அதே வேகத்தில் இளைப்பில்லாமல் செய்ய முடிய வேண்டும். உள் வீக்கம் ஆற, அறிகுறி மறைந்த பிறகும் சில வாரங்கள் ஆகலாம்.

நிமோனியா, ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட்: நுரையீரல் மருத்துவரைப் பார்க்காமல் இறங்கவே கூடாது. எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி, நடக்க வைத்து ஆக்சிஜன் அளவு பார்ப்பது, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், இதயப் பரிசோதனை என்று அவர் சொல்வார். 2020-ல் கோவிட் புதிதாகப் பரவியபோது, நுரையீரல் பாதிக்கப்பட்ட டைவர்கள் 3 மாதங்களாவது காத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய டைவிங் மருத்துவர்கள் அறிவுறுத்தினார்கள்.

காசநோய் வந்து குணமானவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் பழைய கதையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய்த் தழும்பும் காற்றைச் சிறைப்பிடிக்கலாம். காரணமில்லாமல் தானாக நுரையீரல் சுருங்கிய வரலாறு இருந்தால், பெரும்பாலும் டைவிங்குக்கு அனுமதி கிடைக்காது.

படிவத்தில் பொய் வேண்டாம்

டைவிங் மையத்தில் தரும் மருத்துவப் படிவத்தில் நுரையீரல், இதயம் பற்றிய கேள்விகள் இருக்கும். படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடிக்காதீர்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. நுரையீரல் மருத்துவரிடம் போகும்போது 'ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும்' என்று மட்டும் சொல்லாமல், 'அழுத்தக் காற்றை சுவாசித்துக் கடலுக்கடியில் போகப்போறேன்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர் அதற்கேற்பப் பார்ப்பார்.

டைவ் முடிந்ததும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், குரல் மாற்றம், கைகால் மரத்துப்போதல், குழப்பம் ஏதாவது தெரிந்தால் தாமதிக்காதீர்கள். படுக்க வையுங்கள், படகில் உள்ள ஆக்சிஜனைக் கொடுங்கள், 108-ஐ அழையுங்கள். 'ஸ்கூபா டைவிங் செய்தவர்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.

முன்பதிவுப் பணம் போனால் போகட்டும், தேதியை மாற்றிக்கொள்ளலாம். கடல் எங்கேயும் போய்விடாது. நெஞ்சு தெளிந்தபின் போங்கள். மீன்கள் அங்கேதான் இருக்கும்!