மலைப்பாதை ஓட்டத்துக்குச் சூழலைக் கெடுக்காத ஷூ எது?

மலைப்பாதையில் ஓடுவதற்கான ஷூவுக்குத் தார்ச்சாலை ஷூவைவிட அடி அதிகம். கற்கள் மேல்துணியைக் கிழிக்கும், சேறு தையலுக்குள் புகும், ஓடையில் நனைந்து நனைந்து ஒட்டுப்பசை விடும். அதனால் சூழலுக்கு உகந்த ஷூவைத் தேடுபவர் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பச்சை இலையைப் பார்ப்பதற்கு முன், அது எவ்வளவு காலம் உழைக்கும் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். ஒரு ஜோடி ஓட்ட ஷூ சுமார் 14 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வை உண்டாக்குகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த ஷூவில் 65 பாகங்கள். செய்து முடிக்க 360-க்கும் மேற்பட்ட வேலைகள். உமிழ்வில் மூன்றில் இரண்டு பங்கு தொழிற்சாலையிலேயே உண்டாகிறது. சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டுவதற்கும் நுரையைச் சூடாக்கி அச்சில் வார்ப்பதற்கும் ஆகும் எரிசக்தியே காரணம். மூலப்பொருளின் பங்கு அதைவிட மிகக் குறைவு. அப்படியென்றால் 300 கிலோமீட்டரில் பிய்ந்துபோகும் ‘பசுமை’ ஷூவைவிட 800 கிலோமீட்டர் தாங்கும் சாதாரண ஷூதான் மேல்.

உழைப்பைக் கடையிலேயே ஓரளவு கணிக்கலாம். ஷூவைக் கையில் எடுத்து முன்பகுதியை மடக்கிப் பார்த்தால், சுண்டுவிரல் பக்கம் துணி மடிப்பு விழும் இடம் தெரியும். பெரும்பாலான ஷூக்கள் முதலில் கிழிவது அங்கேதான். அந்த இடத்தில் வலை மெல்லியதாக, காப்பு எதுவும் இல்லாமல் இருந்தால் வேறொன்றைப் பார்ப்பது நல்லது. பெருவிரலைச் சுற்றி ரப்பர் வளைந்து ஏறியிருக்க வேண்டும். அளவும் முக்கியம்: இறக்கத்தில் விரல் முன்னே போய் இடிக்கிற ஷூ துணியையும் நகத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

அடுத்தது பொருள். மேல்துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து நூற்ற இழை புதிய இழையைவிடப் பரவாயில்லை. ஆனால் பாட்டில் திரும்பவும் பாட்டிலாகலாம், ஷூவான பின் அது பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். ‘மறுசுழற்சிப் பொருள் கொண்டது’ என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்தப் பாகம், எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும். கயிறு மட்டுமே அப்படி இருந்தாலும் அந்த வாசகம் பொய்யாகாது. பாதத்துக்கு அடியில் இருக்கும் ஈ.வி.ஏ. நுரை பெட்ரோலியத்தில் பிறப்பது. சில நிறுவனங்கள் ஆமணக்கெண்ணெயில் இருந்து செய்த பாலிமர்களைப் பயன்படுத்துகின்றன. உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், குறிப்பாகக் குஜராத்தில்.

நீர்புகாத ஷூவில் கூடுதல் கவனம் தேவை. நீர்தடுப்புப் படலங்களிலும் பூச்சுகளிலும் பி.எஃப்.ஏ.எஸ். என்னும் ஃபுளோரின் சேர்மங்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டன. இவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. கோர்-டெக்ஸ் 2022-இல் இவை இல்லாத புதிய படலத்தைக் கொண்டுவந்தது. நம் வெப்பத்துக்கும் ஓடை கடக்கும் பாதைக்கும் நீர்புகா ஷூவே வேண்டியதில்லை. மேல் வழியாகப் புகுந்த தண்ணீர் அதில் வெளியேறாமல் தேங்கிவிடும். வலைத்துணி ஷூவில் அது ஓடும்போதே வடிந்துவிடும்.

பழுதுபார்க்கும் வாய்ப்பு அரிது. தனித்தனிப் பொருள்களைப் பசையால் ஒட்டிவிடுவதால் பிரிப்பது கடினம். சலோமன் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த இண்டெக்ஸ்.01 மேல்துணியையும் அடிப்பாகத்தையும் பிரித்து மறுசுழற்சி செய்ய ஏற்றதாக வடிவமைக்கப்பட்டது. இத்தகைய ஷூவை வாங்குபவர், பழையதைத் திரும்பப் பெறும் வசதி தம் ஊரில் உண்டா என்று விசாரிக்காவிட்டால் அந்த வடிவமைப்பால் பயனில்லை.

வாங்கிய பின் பராமரிப்பும் கணக்கில் சேரும். வெயிலில் காயவைத்தால் நுரை இறுகும், பசை விடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அடிப்பற்களில் சிக்கிய சேற்றை ஓட்டம் முடிந்த இடத்திலேயே தட்டிவிட வேண்டும். நியூசிலாந்தில் கவ்ரி மரங்களைக் கொல்லும் நோய்க்கிருமி காலணி மண்ணோடு பரவுவதால், பாதை வாசல்களிலேயே ஷூவைத் தேய்த்துக் கிருமிநாசினி தெளிக்கும் நிலையங்களை வைத்திருக்கிறார்கள். களை விதைகளும் அதே வழியில்தான் காட்டுக்குள் போகின்றன.

வீட்டில் இருக்கும் ஷூ இன்னும் பிடிப்போடு ஓடுமானால், புதியது வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.