180 நாள் லாக், 181 நாள் தேடல்

கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது, 28.4.2022 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு. ஐபிஎம் நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு ஆய்வின்படி, தரவுக் கசிவு ஒன்றைக் கண்டுபிடிக்க உலகச் சராசரி 181 நாட்கள். அதை அடைக்க மேலும் 60. மொத்தம் 241 நாட்கள். 2024இல் 258 ஆக இருந்தது. குறைந்திருக்கிறது என்றாலும், சராசரிக் கசிவு தெரியவரும் நாளில் அதன் முதல் நாள் லாக் அழிந்திருக்கக்கூடும்.

2025 நவம்பரில் வெளியான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் இந்தக் காலத்தை 1 ஆண்டாக்குகின்றன. 365இல் 241 போக, மீதி 124 நாட்கள். ஆனால் இந்த விதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. அதாவது 2027 மே.

இந்த விதிகளுக்கு அடிப்படையான சட்டத்தில் தண்டத்தொகையின் உச்சவரம்பு, பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் ரூ.250 கோடி, கசிவைத் தெரிவிக்கத் தவறினால் ரூ.200 கோடி. இந்தியாவில் ஒரு கசிவின் சராசரிச் செலவு 2024இல் ரூ.19.5 கோடி, 2025இல் ரூ.22 கோடி என்கிறது அதே ஐபிஎம் ஆய்வு. உயர்வு சுமார் 13 சதவீதம். ரூ.250 கோடி உச்சவரம்போ 2025இன் செலவைப் போல 11 மடங்குக்கு மேல்.

ஆய்வுக்குட்பட்ட 600 நிறுவனங்களில் 13 சதவீதம், தங்கள் ஏஐ மாடல்களோ செயலிகளோ ஊடுருவப்பட்டதாகக் கூறின. ஏறத்தாழ 78 நிறுவனங்கள். அவற்றில் 97 சதவீதத்திடம் முறையான ஏஐ அணுகல் கட்டுப்பாடு இல்லை. 78 என்பது சிறிய எண்ணிக்கை. 97ஐ அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. கடன் விண்ணப்பங்களை ஏஐ படித்துத் தரம் பிரிக்கும் அலுவலகம். நாளொன்றுக்கு 2,000 விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆதார் எண். மாடலுக்குப் போகுமுன் ஒரு வடிகட்டி, அமைப்பைப் பார்த்து அந்த எண்ணை மறைக்க வேண்டும். ஆதார் 12 இலக்கம். 0, 1 இரண்டிலும் தொடங்காது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. செல்போன் எண்ணை 91 சேர்த்து எழுதினால் அதுவும் 12 இலக்கம், தொடக்கம் 9. சரிபார்ப்பு இலக்கம் தற்செயலாகப் பொருந்த 10இல் 1 வாய்ப்பு. எனவே அப்படி எழுதிய 100 செல்போன் எண்களில் சுமார் 10 ஆதாராகத் தோன்றி மறைக்கப்படும். வாடிக்கையாளரை அழைக்க எண் இருக்காது. தொல்லைதான், ஆபத்தில்லை.

ஆபத்து எதிர்ப்புறத்தில். வடிகட்டி 99.5 சதவீதம் சரியாகப் பிடிப்பதாக வைத்துக்கொண்டாலும் தினமும் 10 எண்கள் தப்பும். மாடலுக்குப் போனதை அப்படியே லாக்கில் எழுதினால், ஆண்டுக்கு 3,650 ஆதார் எண்கள் அங்கே சேரும். சான்றுக்காக வைத்த பதிவே காவல் தேவைப்படும் சரக்காகிவிடுகிறது.

லாக்கை வைக்க இடம் பெரிய செலவில்லை. விண்ணப்பத்துக்கு 5 வரி, வரிக்கு 1 கிலோபைட் என்றால் நாளுக்கு 10 மெகாபைட், ஆண்டுக்கு 3.65 ஜிகாபைட், ஒரு பென்டிரைவ் போதும். செலவு ஆள் நேரத்தில்தான். வடிகட்டி தப்பவிட்டதைத் தேடி, 2 சதவீதத்தை, அதாவது 40 விண்ணப்பங்களை, தலா 3 நிமிடம் பார்க்க தினமும் 2 மணி நேரம். அந்த 40இல் தப்பிய எண் சிக்கும் சராசரி 0.2, அதாவது 5 நாளுக்கு 1. அந்த 5 நாட்களில் தப்பியிருப்பவை 50. கசிவைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விவரமாகத் தெரிவிக்க விதிகள் தரும் 72 மணி நேரம், தெரியவந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.