பிள்ளை பயந்தால் அதட்டலாமா?

2009இல் இலங்கையில் போர் முடிந்தபோது பத்து வயதாக இருந்த வன்னிப் பிள்ளைகள் பலர் இன்று அம்மா, அப்பா ஆகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஷெல் சத்தம் கேட்டதில்லை. ஆனால் திடீரென்று வெடி வெடித்தால் அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துத் தாங்களும் பயப்படுகிறார்கள்.

மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா என்ற பகுதி, குழந்தைப் பருவத்திலேயே சுறுசுறுப்பாகிவிடும். அதை அமைதிப்படுத்தும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதும் தாண்டும். அதுவரை அந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்துகொடுக்க வேண்டும். "இதுக்கெல்லாம் அழுறதோ?" என்று அதட்டினால் பயம் கூடுமே தவிரக் குறையாது. "பயந்திட்டியோ குஞ்சு? அது வெடிதான். நான் பக்கத்திலதானே நிக்கிறன்" என்று அணைத்துச் சொன்னால், நெஞ்சுப் படபடப்பு மெல்ல இறங்கும். திரும்பத் திரும்ப இப்படி நடக்கும்போது, தானாக அடங்கவும் பிள்ளை பழகிக்கொள்ளும்.

போரைக் கண்ட பிள்ளைகளிடமும் அரவணைப்பின் பலன் தெரிந்தது. ஜேர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட இலங்கைத் தமிழ்க் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெற்றோரின் அன்பான கவனிப்பை உணர்ந்த பிள்ளைகளிடம், பட்ட துன்பம் பயமாகவும் கவலையாகவும் உள்ளே தங்குவது குறைவாக இருந்தது.

அதற்காகப் பெற்றோர் எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருக்கத் தேவையில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை! கோபத்தில் கத்திவிட்டால், பிறகு கிட்டப் போய்க் கதையுங்கள். உங்களுக்கே நித்திரையில்லை, மனம் பொறுக்கவில்லை என்றால், தேசிய உளநல உதவி இலக்கம் 1926.