வெளியீட்டு எதிர்வுகூறல் வரைபு: அமைப்பு முறையும் சமூக உள்ளடக்கமும்

உழைப்பை அளத்தல் ஒருபோதும் வெறும் தொழில்நுட்பச் செயலாக இருந்ததில்லை. பிரெடரிக் ரெய்லர் 1911 இல் வெளியிட்ட விஞ்ஞான முகாமைத்துவ நூலும், அவரோடு பணியாற்றிய ஹென்றி கான்ற்றின் பெயரால் வழங்கும் கால அட்டவணை வரைபும் தொழிற்சாலை உற்பத்தியின் தேவைகளிலிருந்து பிறந்தவை. திட்டமிடுவோர் ஒரு சாரார், செய்வோர் மற்றொரு சாரார் என்ற பிரிவினையே ரெய்லரியத்தின் அடித்தளமாகும்.

மென்பொருளாக்கத்தில் இப்பார்வையின் போதாமையை, ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் இயக்கமுறைமையொன்றின் ஆக்கத்தை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ் 1975 இல் எடுத்துக்காட்டினார். பிந்திவிட்ட மென்பொருட் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவரது முடிபு. 2001 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருளாளர் வெளியிட்ட அஜைல் பிரகடனம், திட்டத்தைப் பின்பற்றுவதிலும் மாற்றத்துக்கு இசைந்து செயற்படுவதற்கே கூடிய மதிப்பளித்தது.

எனினும், ‘எப்பொழுது முடியும்?’ என்ற வினா இதனால் மறைந்துவிடவில்லை, மறையவும் இயலாது. அதற்கு அனுபவ அடிப்படையில் விடை காணும் கருவியே ஈண்டு நாம் நோக்கும் வரைபாகும்.

வரைபின் கிடையச்சில் வேலைச் சுற்றுக்களைக் குறிக்கின்றோம். ‘ஸ்பிரின்ற்’ எனப்படும் இச்சுற்று பெரும்பாலும் இரு வாரங்களைக் கொண்டது. நிலைக்குத்தச்சு, குழுவினரே ஒப்பீட்டளவில் மதிப்பிட்ட வேலைப் புள்ளிகளைக் காட்டும். இரு கோடுகள் வரையப்படல் வேண்டும். ஒன்று வெளியீட்டுக்குத் தேவையான மொத்த வேலை. மற்றையது முற்றாக முடிந்த வேலையின் திரண்ட தொகை. அரைகுறை வேலை கணக்கிற் சேராது. இரு கோடுகளும் சந்திக்குமிடமே வெளியீட்டு நாள்.

உதாரணமொன்றை அமைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் மொத்த வேலை 192 புள்ளிகள். ஆறு சுற்றுக்களில் முடிந்தவை முறையே 16, 20, 12, 18, 14, 16, ஆக 96. இதற்கிடையில் புதிய தேவைகள் சேர்ந்து மொத்தம் 216 ஆகிவிட்டது. எஞ்சியவை 120. சராசரி வேகம் 16 ஆதலின் எட்டுச் சுற்றுக்கள் போதுமெனத் தோன்றும். ஆனால், சராசரி மட்டும் போதாது. சிறந்த மூன்று சுற்றுக்களின் சராசரி 18. குறைந்த மூன்றின் சராசரி 14. அவ்வாறாயின் ஏழு முதல் ஒன்பது சுற்றுக்கள் வேண்டும்.

இங்குதான் பலர் தவறுகின்றனர். மொத்த வேலையும் சுற்றுக்கு 4 புள்ளி வீதம் வளர்ந்துள்ளமையை அவர்கள் கருத்திற் கொள்வதில்லை. அவ்வளர்ச்சி தொடருமெனின் நிகர வேகம் 14 முதல் 10 வரையே. தேவைப்படுவன ஒன்பது முதல் பன்னிரண்டு சுற்றுக்கள். அதாவது 18 முதல் 24 வாரங்கள். எனவே மொத்த வேலைக் கோட்டைக் கிடையாக நீட்டாது, அதன் சாய்விலேயே நீட்டுதல் அவசியம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வரைபு புதுப்பிக்கப்படல் வேண்டும். எதிர்வுகூறல் வாக்குறுதியன்று, அது கால வீச்சொன்றையே தருகின்றது.

இவ்வரைபு யார் கையில் எதற்குப் பயன்படுகின்றது என்பதே அடிப்படை வினா. புள்ளி என்பது ஒரு குழுவின் அகவயமான அளவை. இரு குழுக்களை ஒப்பிட அது உதவாது. வேகத்தை உயர்த்துமாறு முகாமை கட்டளையிடின், குழு அதே வேலைக்குக் கூடிய புள்ளிகளை இடத் தலைப்படும். கோடு உயரும், மென்பொருள் உயராது. துண்டுக்கூலி உழைப்பின் செறிவை உயர்த்தும் கருவியாவதை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்திலேயே விளக்கியுள்ளார். வேகத்தை இலக்காக்குதல் அதே தர்க்கத்தின் புதிய வடிவமெனலாம்.

மறுதலையாக, உழைப்போர் தாமே பேணும் வரைபு அவர்களுக்கு ஒரு சான்றாதாரமாகின்றது. மேலிருந்து விதிக்கப்பட்ட நாள் கோடுகள் சந்திக்கும் வீச்சுக்கு முன்னதாக அமையின், அந்த இடைவெளி யாவர் கண்ணுக்கும் புலப்படும். அப்பொழுது வேலையைக் குறைப்பதா, நாளைத் தள்ளுவதா என்பது வெளிப்படையாகப் பேசித் தீர்க்கவேண்டிய விடயமாகின்றது. அது பேசப்படாதவிடத்து, அவ்விடைவெளியை நிரப்புவது உழைப்போரின் இரவுகளே என்பதை நாம் மறத்தலாகாது.