முதனிலைத் தேர்தலும் பொது வாக்கெடுப்பும்

முதனிலைத் தேர்தல் என்பது ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல். பொது வாக்கெடுப்பு என்பது ஆளைத் தேர்ந்தெடுக்காமல், ஒரு கேள்விக்கு மக்கள் நேரடியாக விடையளிப்பது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இரண்டும் உண்டு. இந்தியாவில் முதல் வகை சட்டத்தில் இல்லை. இரண்டாவது வகை மிக அரிதாக நடந்துள்ளது.

வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பிளவக்கல் அணையைச் சுற்றியுள்ள ஊர்களின் வாக்காளர் வாக்கு இயந்திரத்தின் முன் நிற்கும்போது, கட்சி வேட்பாளர்களின் பெயர்கள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அவர்களைத் தேர்ந்தெடுத்தது கட்சித் தலைமை. 2013 முதல் 'நோட்டா' பொத்தான் உண்டு. ஆனால் நோட்டா எத்தனை வாக்கு பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறுவார்.

அமெரிக்காவில் பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன் முதனிலைத் தேர்தல் நடக்கும். சில மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். சிலவற்றில் எவரும் வாக்களிக்கலாம். கலிபோர்னியாவில் பெரும்பாலான பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் போட்டியிட, முதல் இருவர் மட்டும் இறுதித் தேர்தலுக்குச் செல்கின்றனர். இந்தியாவில் 2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் இதைச் சோதனையாகச் செய்து பார்த்தது; அது நிலைக்கவில்லை.

கோவா, 1967

கோவாவை மகாராஷ்டிராவுடன் இணைப்பதா, ஒன்றியப் பகுதியாகவே வைப்பதா என்ற கேள்வி 1967 ஜனவரி 16 அன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. அரசியலமைப்பில் இதற்கு வழி சொல்லப்படாததால், நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. இணைப்புக்குப் பூ, தனியாக இருப்பதற்கு இரட்டை இலை என்பன சின்னங்கள். (அ.தி.மு.க. தொடங்கப்பட்டது 1972-ல்தான்.) இணைப்பை ஆதரித்த முதல்வர் பண்டோட்கர், வாக்கெடுப்பு நடுநிலையாக நடக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே பதவி விலகினார். இரட்டை இலைக்கு 1,72,191 வாக்குகளும் பூவுக்கு 1,38,170 வாக்குகளும் கிடைத்தன. கோவா 1987-ல் தனி மாநிலமானது.

இலங்கை, 1982

இதற்கு மாறானது 1982 டிசம்பர் 22 அன்று இலங்கையில் நடந்த வாக்கெடுப்பு. பொதுத்தேர்தல் நடத்தாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் 6 ஆண்டு நீட்டிக்கலாமா என்பதே கேள்வி. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். அவசரகால நிலை நடப்பில் இருந்தது. ஏறத்தாழ 54.7 விழுக்காட்டினர் ஆம் என்றனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் 10-ல் 9 பேருக்கு மேல் குடத்துக்கே வாக்களித்தனர். ஆயினும் நாடு முழுவதற்குமான கணக்கே முடிவானது.

இரண்டிலும் மக்களே வாக்களித்தனர். ஆனால் ஓரிடத்தில் முடிவில் அக்கறை கொண்டவர் பதவியிலிருந்து விலகி நின்றார். மற்றோரிடத்தில் பயன்பெறுபவர்களே கேள்வியையும் எழுதினர். எனவே ஒரு வாக்கெடுப்பை மதிப்பிடும்போது 'எத்தனை பேர் ஆம் என்றனர்?' என்பதோடு, 'கேள்வியைக் கேட்டவர் யார்?' என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் கையில் உள்ள வழி: கிராம சபை

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கவும், பணிகளை முன்வைக்கவும், தீர்மானம் கொண்டுவரவும் இங்கே முடியும்.

சபையின் சொல்லுக்கு எடை உண்டு என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி மலை சான்று. அங்கே பாக்சைட் சுரங்கம் குறித்து மலைவாழ் மக்களின் உரிமைகளைக் கிராம சபைகள் ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. மறு ஆண்டு மத்திய அரசும் அனுமதி மறுத்தது. வன உரிமைச் சட்டம் அங்கே துணை நின்றது. எல்லாத் தீர்மானங்களுக்கும் அந்த வலிமை கிடைப்பதில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால், தீர்மானமே பிறக்காது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நகராட்சிகளில் கிராம சபை இல்லை. அவற்றைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. 18 வயது நிறைந்து பெயர் சேர்த்த மாணவர்கள் முதல் வாக்கு அளிக்கத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். முதல் கேள்வியை அடுத்த கிராம சபையிலேயே கேட்கலாம்.